போர்வைக்குள் நடந்த ஆட்டங்கள்

14 நவம்பர் 2024

பேக்கரியில் இரண்டாவது மாதம். பின்பக்கம் நின்று தட்டுகளில் வட்டப் பாண்களை அடுக்குகிறேன். பாண் கேள்வி கேட்பதில்லை. அதனால் நாங்கள் நன்றாக ஒத்துப்போகிறோம்.

கிம்னாசியம் என்கிற உயர்பள்ளியைப் பாதியில் விட்டதற்கு அம்மா இன்னும் பெருமூச்சு விடுகிறா. எழுத்தில் எனக்குக் குறை இல்லை. ஆனால் வகுப்பில் வாய் திறக்காதவளுக்கு இந்த நாட்டில் பாதிப் புள்ளி போய்விடும். கையை உயர்த்த வேண்டும், கருத்துச் சொல்ல வேண்டும். என் கை மேசையை விட்டு எழும்பாது. கொம்யூனிலிருந்து, அதாவது நகரசபையிலிருந்து, ஒரு பெண் மாதம் ஒருமுறை தொலைபேசி எடுத்து இனி என்ன திட்டம் என்று கேட்கிறாள். யோசிக்கிறேன் என்கிறேன். அவளும் பாவம்.

டேனிஷில் எழுதினால் பரீட்சை ஞாபகம் வருகிறது. அதனால் இதைத் தமிழில் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பாடசாலை இதற்காவது உதவட்டும்.

நாளைக்கு அண்ணாவின் ஆட்டம்.

15 நவம்பர்

3–1. வென்றோம். ‘வென்றோம்’ என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. நான் செய்தது, இடைவேளைகளில் கார்த் தரிப்பிடத்துக்கு ஓடியது மட்டும்.

அம்மா அரங்குக்குள் வருவதில்லை. ஜஸ்ரின் அண்ணா பதினேழு வயதில் எஸ்பியர்க் நகரத்து ஐஸ் ஹொக்கி அணிக்குக் கோல் காக்க வந்தான். இப்போது இருபத்தைந்து. அதுதான் அவன் தொழில், சம்பளம், எல்லாம். இத்தனை வருடத்தில் ஒரு ஆட்டத்தையும் அம்மா கண்ணால் பார்க்கவில்லை. பெற்ற பிள்ளையைப் பார்த்து ஆட்கள் கல்லுமாதிரி ரப்பர் வட்டை அடிப்பதை எந்தத் தாய் பார்ப்பாள் என்பது அவவின் கேள்வி. காரில் சூட்டைப் போட்டுக்கொண்டு செபிப்பா. நான் போய் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

“நீ சொன்னாப் பயமில்லை, தபி. உன்ர வாயிலை எல்லாம் மெதுவா நடக்குது” என்றா இன்றைக்கு.

அண்ணா ஆட்டம் தொடங்க முதல் மட்டையால் இரண்டு கம்பங்களையும் தட்டி, “நிக்கிறியளோ?” என்று கேட்பான். கம்பங்கள்தான் தன்னுடைய உண்மையான சகோதரர்கள் என்று என்னைச் சீண்டுவான். வீட்டில் பாதி டேனிஷில் கதைப்பவன் கோலுக்குள் போனால் தமிழில்தான் கத்துவான். அது அப்பாவால் வந்தது. அண்ணா ஆறு வயதில் பழகத் தொடங்கியபோது, அப்பாவுக்கு இந்த விளையாட்டைப் பற்றி ஒரு எழுத்தும் தெரியாது. பனித்தளத்தைச் சுற்றியிருக்கும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, லொறியைப் பின்னுக்கு எடுக்கிறவனுக்குச் சொல்வதுபோல் “பின்னாலை! பின்னாலை! விடு! ஆறுதலா!” என்று கத்துவாராம். அந்த மூன்று சொற்களும் அண்ணாவின் இரத்தத்தில் ஏறிவிட்டன. இப்போது அவனுக்கு முன்னால் தடுத்து விளையாடும் யெப்பவுக்கும் அவை தெரியும்; ‘பின்னாலை’ என்றால் முதுகுப் பக்கத்தால் ஆள் வருகிறான் என்று அர்த்தம். யெப்ப சிவந்த தாடிக்காரன், மீன்பிடிக் குடும்பம். அவன் கடையில் வரிசையில் நிற்கும்போதும் “ஆறுதலா, ஆறுதலா” என்கிறானாம்.

22 நவம்பர்

எழுத முடியவில்லை.

23 நவம்பர்

நேற்றைய ஆட்டத்தின் இரண்டாம் பகுதி. எதிரணிக்காரன் ஒருவன் தடுக்கி விழுந்து, வழுக்கிக்கொண்டு வந்து அண்ணாவோடு மோதினான். வேண்டுமென்று செய்யவில்லை. அண்ணாவின் தலை கம்பத்தில் போய் அடித்தது. அந்தச் சத்தம் எனக்கு ஏழாவது வரிசையில் கேட்டது.

எழும்பினான். சனம் கைதட்டியது. வழக்கம்போல் கம்பத்தைத் தட்ட மட்டையை நீட்டினான் — கம்பம் அங்கே இல்லை. அரை மீற்றர் தள்ளி இருந்தது. காற்றைத் தட்டிவிட்டு நின்றான். யெப்பதான் முதலில் கண்டு, ஆட்டத்தை நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கினான்.

நான் கார்க் கதவைத் திறந்தேன். அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சப்பாத்தைக்கூடச் சரியாகப் போடாமல் இறங்கினா.

மூளை அதிர்வு. மூன்றாவது தடவை. 

1 டிசம்பர்

அண்ணா தன்னுடைய வாடகை வீட்டை விட்டு எங்களோடு வந்துவிட்டான். யன்னலுக்குக் கறுப்புத் துணி. வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது, திரை ஒன்றையும் பார்க்கக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக எழும்பி நடக்கச் சொல்லியிருக்கிறார்கள்; நடந்தால் வாந்தி.

எங்கள் வீடு மாறிவிட்டது. பிரஷர் குக்கர் அலுமாரிக்குள் போய்விட்டது. அம்மா பருப்பைப் பானையில் அவிக்கிறா. சம்பல் அரைக்கிற மிக்சியைத் தூக்கிக்கொண்டு எங்கள் சபையிலிருக்கும் மேர்சி அன்ரி வீட்டுக்குப் போய் அரைத்துக்கொண்டு வருகிறா. அப்பா மீன் தொழிற்சாலையிலிருந்து வந்து, கார்க் கதவுச் சத்தம் கேட்கும் என்று தெருக்கோடியில் நிறுத்திவிட்டு நடந்து வருகிறார். நேற்று ஒவ்வொரு கதவுக் கீலுக்கும் எண்ணெய் விட்டார். பிறகு தும்மல் வந்து, வெளியே மழைக்குள் ஓடிப்போய்த் தும்மினார்.

நான் மட்டும் ஒன்றும் மாற்றவில்லை. நான் முதலே இப்படித்தான்.

3 டிசம்பர்

இன்று அணிக்கு ஆட்டம். அண்ணா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். நேரம் வந்ததும் புரண்டு புரண்டு படுத்தான். ஒரு பகுதி மட்டும் பார்க்கப்போகிறேன் என்று போனைத் தேடினான். நான் முதலே எடுத்து ஒளித்துவிட்டேன்.

“எலி, என்ர போன் எங்கை?”

சின்ன வயதிலிருந்து என்னை எலி என்றுதான் கூப்பிடுவான்.

நான் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் இருந்தேன். தடித்த போர்வையை எடுத்துத் தலையோடு மூடிக்கொண்டேன், ஒரு கீற்று வெளிச்சமும் அவன் பக்கம் போகாதபடி. ஒரு காதில் மட்டும் இயர்போனை மாட்டி என் போனில் ஆட்டத்தைப் போட்டேன். பிறகு போர்வைக்குள்ளிருந்து, அம்மாவுக்குச் சொல்வதுபோலவே சொன்னேன். வட்டு இப்ப இடப்பக்க மூலையிலை. யெப்ப போறான். எடுத்திட்டான். திரும்புறான்.

அவன் ஒரு தடவை குறுக்கிட்டான். “யெப்ப எந்தக் கையாலை தள்ளுறான்?” என்று கேட்டான். அதைப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அடுத்த தடவை பார்த்தேன்.

4–2 தோற்றோம். போர்வைக்குள் எனக்கு வியர்த்து ஒழுகியது. அண்ணா சொன்னான், யாருடைய குரலும் தலைக்குள் ஆணி அடிப்பதுபோல் இருக்கிறதாம், என்னுடையதைத் தவிர.

வகுப்பில் ரீச்சர் எப்போதும் சொல்வா: தபிதா, கொஞ்சம் சத்தமாக.

10 டிசம்பர்

மறுபடியும் போர்வை. 2–1 வெற்றி. முதலாவது கோல் எப்படி வந்தது என்று அண்ணா இரண்டு தடவை கேட்டான். அவ்வளவு பிடித்துவிட்டதாக்கும்.

14 டிசம்பர்

இதை நான்தான் செய்தேனா?

அம்மா ஒருவருக்கும் சொல்லாமல் சபையை வீட்டுக்கு அழைத்துவிட்டா. மகனுக்காக விசேட செபம். பின்னேரம் மூன்று மணிக்கு வாசலில் சப்பாத்துக் குவியல். குலேந்திரன் பாஸ்ரர், மேர்சி அன்ரி, பிள்ளைகள், கிழவர்கள். ரொஷான் கீபோர்ட்டைக் கொண்டுவந்து பொருத்துகிறான். யாருடைய கையிலோ தட்டிக் கிலுக்குகிற தம்பூரி. எங்கள் சபையில் மெதுவாகச் செபிக்கத் தெரிந்த ஒருவரும் இல்லை. நோய் எவ்வளவு பெரிதோ, சத்தமும் அவ்வளவு. அன்பைக் காட்டுகிற வழி அதுதான்.

பாட்டு தொடங்கியது. கைதட்டல். நான் அறைக்குள் ஓடினேன். அண்ணா தலையணையால் இரண்டு காதையும் அமத்திக்கொண்டு, முழங்காலை மடக்கி, கோலுக்குள் குந்தியிருப்பதுபோலவே கட்டிலில் இருந்தான். நிறுத்தச் சொல்லட்டா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினான். “அம்மா பாவம். விடு” என்றான். கண்ணீர் வடிகிறது, விடு என்கிறான்.

நான் முன்னறைக்குப் போனேன். வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. ஒருவரும் என்னைக் காணவில்லை. பாஸ்ரர் கண்ணை மூடியிருந்தார். மேர்சி அன்ரி தம்பூரியைத் தட்டித் தட்டி அழுதுகொண்டிருந்தா.

குனிந்து கீபோர்ட்டின் மின்வயரைச் சுவரிலிருந்து இழுத்துவிட்டேன்.

ரொஷான் இரண்டு விரலால் கட்டையை அமத்திப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

“அண்ணாவுக்குச் சத்தம் ஆகாது” என்றேன். “மனசுக்குள்ளை செபியுங்கோ. ஆண்டவருக்கு அதுவும் கேக்கும்.”

மேர்சி அன்ரிக்குப் பொறுக்கவில்லை. “வாயைத் திறந்து கேக்காட்டி எப்பிடிப் பிள்ளை கிடைக்கும்?”

பாஸ்ரர் சிரித்தார், அதுவும் சத்தம் வராமல். “சிஸ்டர், இந்தப் பிள்ளை வாய் திறந்ததே ஒரு அற்புதம். அதைக் கேப்பம்.”

அதன்பிறகு நடந்ததை நான் மறக்க மாட்டேன். அத்தனை பேரும் அப்படியே தரையில் இருந்து கண்ணை மூடினார்கள். உதடுகள் மட்டும் அசைந்தன. மேர்சி அன்ரியின் வளையல்கள் ஒருமுறை கிலுங்க, மற்றக் கையால் பிடித்துக்கொண்டா. ஒரு கிழவருக்கு விக்கல். மனைவி அவர் வாயைப் பொத்தினா. வெளியே கடற்காற்று யன்னலில் மோதுகிற சத்தம் வரை கேட்டது.

கதவு திறந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அண்ணா சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து, அம்மாவுக்குப் பக்கத்தில் தரையில் இருந்தான். அம்மா கண்ணைத் திறக்காமலே அவன் கையைத் தடவிப் பிடித்துக்கொண்டா.

முடிந்ததும் தேநீரும் முறுக்கும். முறுக்கைக் கடிக்க ஒருவருக்கும் துணிவில்லை. பாஸ்ரர் தேநீரில் தோய்த்தார். மற்றவர்கள் வாய்க்குள் வைத்து ஊறவிட்டார்கள், கன்னம் வீங்கினவர்கள்போல. அண்ணா அதைப் பார்த்துச் சிரித்தான். சிரித்ததால் தலை இடித்தது. பரவாயில்லை என்றான்.

21 ஜனவரி 2025

கறுப்புத் துணியைக் கழற்றினோம். அண்ணா கடற்கரை வரை நடந்தான். அம்மா குக்கரை எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறா, இன்னும் அடுப்பில் வைக்கவில்லை.

11 பெப்ரவரி

அண்ணா தனியாகப் பனியில் இறங்கிப் பழகுகிறான். தலையிடி இல்லை என்று வைத்தியரிடம் சொல்லியிருக்கிறான். சோதனைக் கேள்விகளுக்கெல்லாம் சரியாகப் பதில் சொன்னானாம். நிபந்தனை ஒன்றுதான்: ஒரு நோய்க்குறியும் மிச்சம் இருக்கக் கூடாது. இன்னொரு அடி பட்டால் இந்தத் தடவைபோல் தேறி வரமாட்டான் என்று அவர் சொன்னபோது அப்பாவும் அங்கே இருந்தார். அப்பா வீட்டுக்கு வந்து நெடுநேரம் கைகழுவினார்.

ஏப்ரலோடு ஒப்பந்தம் முடிகிறது. இந்தப் பருவத்தில் மறுபடி கோலுக்குள் நின்று காட்டினால்தான் புதிது கிடைக்கும்.

25 பெப்ரவரி

வெளியூர் ஆட்டம். அண்ணா இன்னும் அணியோடு பயணம் போவதில்லை. இப்போது திரையைப் பார்க்கலாம், ஆனாலும் “எலி, நீயே சொல்லு” என்றான். செல்லம் என்று நினைத்தேன். போர்வை இல்லாமல், சோபாவில் இருந்து சொன்னேன்.

இரண்டாம் பகுதி முடிய, இப்போது எத்தனைக்கு எத்தனை என்று கேட்டான். சொன்னேன். யார் அடித்தது? சொன்னேன். தேநீர் குடித்தான். இப்போது எத்தனைக்கு எத்தனை?

திரையை விட்டு அவனைத் திரும்பிப் பார்த்தேன்.

டிசம்பரிலும் இப்படித்தானே கேட்டான். பிடித்துக் கேட்கவில்லை. மறந்துபோய்க் கேட்டிருக்கிறான். நான் கதை சொல்கிற சந்தோசத்தில் கவனிக்கவில்லை.

வேறு ஒருவருக்கும் தெரியாது. அம்மாவோடும் அப்பாவோடும் சின்னச் சின்னதாகத்தான் கதைக்கிறான். நீளமாக ஒன்றைக் கேட்பது என்னிடம் மட்டும். அதனால் எனக்கு மட்டும் தெரியும்.

2 மார்ச்

வருகிற வெள்ளி அவன் கோலுக்குள் நிற்கப்போகிறான். பயிற்சியாளர் சொல்லிவிட்டாராம். அம்மா அழுதா. அப்பா தோளில் தட்டினார். யெப்ப தொலைபேசியில் “ஆறுதலா!” என்று கத்தியது எனக்கே கேட்டது.

நான் எப்படிச் சொல்வேன்? சொல்லாமல் எப்படி இருப்பேன்?

4 மார்ச்

சொல்லிப்போட்டன்.

குசினியிலை. அவன் புட்டுச் சாப்பிட்டுக்கொண்டு இருந்தான். நான் சொன்ன ஆட்டத்தை நீ மறந்துபோறாய், அண்ணா. ஒருக்கா இல்லை. வைத்தியருக்கு அது தெரியாது. உனக்குத் தெரியும் என்றேன். இதைச் சொல்ல டேனிஷ் வரவில்லை, தமிழில்தான் சொன்னேன்.

அவன் டேனிஷில்தான் திருப்பிச் சொன்னான். பள்ளிக்கூடத்தில் ஒரு சொல் சொல்ல முடியாமல் ஓடிவந்தவள் எனக்கு வைத்தியம் பார்க்க வந்துவிட்டாளா என்று. கோலை விட்டால் நான் யார், சொல்லு பார்ப்போம் என்று. கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பிப் போனான்.

எனக்கு அழுகை வரேல்லை. பிறகு வந்தது, குளியலறையிலை. துவாயைக் கடிச்சுக்கொண்டு அழுதன்.

5 மார்ச்

கதைக்கவில்லை. அவனும் இல்லை. நானும் இல்லை. அம்மா மாறி மாறிப் பார்க்கிறா.

6 மார்ச்

காலையில் பேக்கரி வாசலில் அண்ணா நின்றான், பின்னால் அப்பாவின் கார். மழைச்சட்டை, கறுப்புக் கண்ணாடி.

“எலி, வா. வைத்தியரிட்டைப் போறன். நீயும் வா.”

அறைக்குள் போனதும் அவன் வைத்தியரிடம் சொன்னது ஒரே ஒரு வசனம்: என் தங்கையிடம் கேளுங்கள், நான் சொல்லாததெல்லாம் அவளுக்குத் தெரியும். வைத்தியர் கதிரையை என் பக்கம் திருப்பினார்.

நான் சொன்னேன். டேனிஷில். போர்வையிலிருந்து தொடங்கி, எந்த ஆட்டம், எதைச் சொன்னேன், எதை மறந்தான், எல்லாம். அவர் எழுதிக்கொண்டே இருந்தார். சத்தமாகச் சொல் என்று சொல்லவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த மிக நீளமான வாய்மொழிப் பரீட்சை அதுதான். புள்ளி ஒருவரும் போடவில்லை.

புதிதாகச் சோதித்தார்கள். நாளைக்கு இல்லை. இந்தப் பருவத்தில் இல்லை. இனி இல்லை.

வரும்போது அண்ணா கையுறையைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தான். அப்பா வண்டி ஓட்டினார், எண்ணெய் விட்ட கதவுபோல. கடைசியில் அண்ணா கேட்டான்:

“கம்பங்களுக்கு ஆர் சொல்லுறது?”

நான் பின்னால் இருந்து அவன் தோளில் கை வைத்தேன். கையைத் தட்டிவிடவில்லை.

11 ஏப்ரல்

அரங்கில் பனியைக் கரைக்கிறார்கள். கோல்களை இழுத்துச் சுவரோரம் விட்டிருக்கிறார்கள். அண்ணா தன் பெட்டியை எடுக்கப் போனபோது நானும் போனேன். அவனிடம் மட்டை இல்லை. கையாலேயே இடக்கம்பத்தைத் தட்டினான், வலக்கம்பத்தைத் தட்டினான்.

“போட்டு வாறன்” என்றான்.

நான் மறுபக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

17 ஜூன்

அண்ணா இப்போது மின்வேலை படிக்கிறான், வாரத்தில் கொஞ்ச நேரம் மட்டும், இடைவேளைகள் விட்டு. மறக்கிறது குறைந்திருக்கிறது. சில நாட்கள் எரிந்து விழுகிறான். சில நாட்கள் அம்மாவின் மிக்சியைக் கழற்றிப் பூட்டுகிறான். முன்பைவிடச் சத்தமாக இருக்கிறது என்று அம்மா என்னிடம் மட்டும் சொன்னா.

14 ஓகஸ்ட்

பேக்கரியில் திங்கள் தொடக்கம் முன்பக்கத்தில் நிற்கச் சொல்லியிருக்கிறார்கள், ஆட்களுக்கு விற்க. ஓம் என்றுவிட்டேன். ஏன் சொன்னேன்?

22 ஓகஸ்ட் 2025

பருவம் தொடங்க முன் ஒரு பயிற்சி ஆட்டம். சனம் குறைவு. நாலு பேரும் போனோம். அம்மாவும் உள்ளே வந்தா. முதல்முறை.

கண்ணாடியோரம், கோலுக்குப் பின்னால் இருந்தோம். அம்மா கோலை ஏறிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தா. இவ்வளவு காலமும் என்ன நினைத்திருந்தாவோ, தெரியாது.

“இந்தக் கூட்டுக்குள்ளையா என்ர பிள்ளை நிண்டவன்?” என்றா. “குனிஞ்செல்லோ நிண்டிருப்பான்.”

அண்ணா அவவின் போர்வையைச் சரிசெய்துவிட்டான். பனியில் விளக்குப் பட்டுத் தெறிப்பது அவனுக்கு இன்னும் ஆகாது. ஆட்டம் தொடங்கிய கொஞ்சத்திலேயே கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் கண்ணை மூடிவிட்டான். 

“எலி. சொல்லு.”

வழக்கம்போல் சொன்னேன். அரங்கில் என் குரல் அவனுக்கு எட்டவில்லை. கொஞ்சம் உயர்த்தினேன். இன்னும் கொஞ்சம். முன்னால் இருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். நிறுத்தவில்லை.

வட்டு எங்கள் பக்க மூலைக்கு வந்தது. யெப்ப அதை எடுக்க வந்தான், முதுகைக் காட்டிக்கொண்டு. புதுக் கோல் கீப்பர் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பெரிய ஆள் முழு வேகத்தில் யெப்பவை நோக்கி வருகிறான். யெப்பவுக்குத் தெரியாது.

“பின்னாலை!”

நான்தான். அரங்கு முழுக்கக் கேட்டது. யெப்ப திரும்பிப் பார்க்காமலே மறுபக்கம் வெட்டினான். அந்த ஆள் எங்கள் கண்ணாடியில் வந்து மோதினான். அம்மா “ஐயோ ஏசுவே” என்று என் கையைப் பிடித்தா. அப்பா எழும்பி நின்றுவிட்டார். 

வட்டைத் தள்ளிவிட்ட பிறகு யெப்ப கோலைப் பார்த்தான். அங்கே நிற்பது அண்ணா இல்லை என்று குழம்பினான். பிறகு கண்ணாடிப் பக்கம் பார்த்தான். எங்களைக் கண்டான். மட்டையை உயர்த்தினான்.

அண்ணா கண்ணைத் திறக்கவில்லை. வாய் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது.

“பிறகு?” என்றான்.